ஆபரேஷன் மிக்காடோ, 1982: "இது நடக்காது" என்ற மேஜரை நீக்கியது சரியா?

கடலோடி

ஃபாக்லாந்து போர் என்றாலே மூழ்கிய ஷெஃபீல்டு, பெல்கிரானோ கப்பல்கள், பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் என்று அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். அந்தப் போரில் நடக்காமல் போன ஒரு தாக்குதலைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அதில் ஒரு அதிகாரிக்கு அநியாயம் நடந்தது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் தாராளமாக வந்து மோதலாம்.

1982 ஏப்ரல் 2 அன்று, தென் அட்லாண்டிக்கில் பிரிட்டன் வசம் இருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. பிரிட்டன் பதிலுக்கு ஒரு பெரிய கப்பற்படையைத் தெற்கே அனுப்பியது. மே 4 அன்று அர்ஜென்டினாவின் தென்கோடியில், டியரா டெல் ஃபியூகோவில் இருக்கும் ரியோ கிராந்தே விமானத் தளத்திலிருந்து இரண்டு சூப்பர் எத்தான்டார் விமானங்கள் கிளம்பின. நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்து, ஆளுக்கொரு எக்சோசெட் ஏவுகணையை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. ஒன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷெஃபீல்டின் மேல் பாய்ந்தது. 20 பேர் இறந்தார்கள். கப்பல் மே 10 அன்று மூழ்கியது.

விமானத்திலிருந்து ஏவும் எக்சோசெட் அர்ஜென்டினாவிடம் மொத்தமே ஐந்துதான். இரண்டு செலவாகிவிட்டது, மீதி மூன்று. ஹெர்மீஸ், இன்வின்சிபிள் என்ற இரு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒன்று போனால்கூடப் போரே கையை விட்டுப் போய்விடும் என்று லண்டன் பயந்தது. அந்தப் பயம் நியாயமானது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

அந்த நேரத்தில் பிரிட்டனின் சிறப்பு அதிரடிப் படையான எஸ்.ஏ.எஸ். படையின் இயக்குநர் பிரிகேடியர் பீட்டர் டி லா பில்லியர் முன்வைத்த திட்டம்தான் மிக்காடோ. இரண்டு ஹெர்குலிஸ் சரக்கு விமானங்களில் அந்தப் படையின் ஒரு பிரிவான பி ஸ்குவாட்ரன் வீரர்கள் ஐம்பது, அறுபது பேரை ஏற்றி, ராத்திரியில் நேராக ரியோ கிராந்தே ஓடுதளத்திலேயே இறக்கிவிட வேண்டும். அவர்கள் வெளியே பாய்ந்து விமானங்களையும் ஏவுகணைகளையும் அழிக்க வேண்டும், விமானிகளைத் தேடிப் பிடித்துக் கொல்ல வேண்டும். 1976-ல் உகாண்டாவின் என்டபே விமான நிலையத்தில் இறங்கிப் பணயக்கைதிகளை மீட்டு இஸ்ரேல் செய்ததைப் போல ஒரு வேலை. முடிந்த பிறகு ஹெர்குலிஸ் பறக்கும் நிலையில் இருந்தால் சிலிக்குப் பறந்துவிடலாம். இல்லாவிட்டால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நடந்து சிலி எல்லையைத் தாண்ட வேண்டும். அங்கே மே மாதம் என்பது குளிர்காலத்தின் வாசல். மரம் மட்டை இல்லாத வெட்டவெளி. பின்னால் ஒரு முழுப் படையே துரத்திக்கொண்டு வரும்.

பி ஸ்குவாட்ரனின் தளபதி மேஜர் ஜான் மாஸ் இதை நம்பவில்லை. நம்பவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. தளத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது, விமானங்கள் எங்கே நிற்கின்றன, ஏவுகணைகள் எங்கே இருக்கின்றன, விமானிகள் எங்கே தூங்குகிறார்கள்? எதற்குமே உறுதியான பதில் இல்லாமல் எப்படிப் போவது என்பதுதான் பிரச்சினை. அவர் மட்டுமல்ல, ஸ்குவாட்ரனே இதைத் தற்கொலைத் திட்டமாகத்தான் பார்த்தது. அனுபவம் மிக்க ஒரு சார்ஜென்ட் ராஜினாமாவே கொடுத்துவிட்டார். டி லா பில்லியர் மாஸை நீக்கிவிட்டு, ரெஜிமென்ட்டின் துணைத் தளபதி மேஜர் இயன் குரூக்கை அந்த இடத்தில் வைத்தார். பிற்பாடு எழுதிய சுயசரிதையிலும், ஸ்குவாட்ரனின் ஆர்வம் குறைவாக இருந்ததற்குத் தளபதியே காரணம் என்ற தொனியில்தான் எழுதியிருக்கிறார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1980 மே மாதம் லண்டனில் ஈரான் தூதரகத்துக்குள் புகுந்து பிணைக்கைதிகளை மீட்டது இதே பி ஸ்குவாட்ரன்தான். உலகமே அதை டிவியில் நேரலையாகப் பார்த்தது. இவர்களைக் கோழைகள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அப்படிப்பட்டவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் அது பயமில்லை, கணக்கு. கணக்குச் சொன்னவரைத் தண்டித்தது தவறு.

சுபேதார்_ஆரணி

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீக்கியது தவறு என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன்.

ராணுவத்தில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஜவான் மேப்பைப் பார்க்கமாட்டான், தன் சாகிப் முகத்தைத்தான் பார்ப்பான். தளபதிக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்துவிட்டால் அந்தக் கம்பெனி பாதி தோற்றாயிற்று. மாஸ் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாகவே இருக்கட்டும். இருந்தாலும், போவது என்று மேலே முடிவெடுத்த பிறகு, நம்பாத ஒருவரை முன்னால் நிறுத்தி அறுபது பேரை அனுப்புவது அந்த அறுபது பேருக்கும் செய்கிற துரோகம். ஆளை மாற்றுவதைத் தவிர பிரிகேடியருக்கு வேறு வழி இல்லை. அதைத் தண்டனை என்று நான் பார்க்கவில்லை.

தென்றல்

ஆரணி ஐயா சொல்வதோடு இன்னொன்று சேர்க்கிறேன். செத்துப்போவோம் என்று தெரிந்தே போன தாக்குதல்கள் ஜெயித்ததும் உண்டு. 1942 மார்ச் 28, பிரான்ஸின் சான் நசேர் துறைமுகம். பழைய கப்பல் ஒன்றில் வெடிமருந்தை நிரப்பி, லுவார் ஆற்று முகத்துவாரத்தில் ஜெர்மானியப் பீரங்கிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போய், கப்பல்களைப் பழுதுபார்க்கும் உலர்துறையின் கதவில் மோதினார்கள். போனவர்கள் 611 பேர். 169 பேர் இறந்தார்கள், 215 பேர் பிடிபட்டார்கள். ஆனால் அந்தத் துறை போர் முடியும் வரை பயன்படவே இல்லை. டிர்பிட்ஸ் போன்ற பெரிய போர்க்கப்பலைப் பழுதுபார்க்க அட்லாண்டிக் கரையில் ஜெர்மனிக்கு வேறு இடம் கிடையாது. அன்றைக்கு ஒரு மேஜர் எழுந்து "இது தற்கொலை" என்று சொல்லியிருந்தால் அதுவும் கணக்கு சரிதான். ஆனால் தாக்குதல் நடந்திருக்க வேண்டியதுதானே?

கடலோடி

தென்றல், இந்த உதாரணம் என் பக்கம்தான் வந்து சேருகிறது.

சான் நசேர் உலர்துறை நகராது. எங்கே இருக்கிறது, கதவு எவ்வளவு தடிமன், எந்த மூலையில் எந்தப் பம்பு இருக்கிறது எல்லாம் முன்கூட்டியே தெரியும். என்ன செய்தால் அது வேலைக்கு ஆகாமல் போகும் என்று பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள். உயிர் போகும், ஆனால் வேலை முடியும். அந்தப் பேரத்தில் அர்த்தம் இருக்கிறது.

ரியோ கிராந்தேயில் இலக்கு என்ன? ஒரு விமானத்தின் அடியில் மாட்டுகிற மூன்று ஏவுகணைகள். வண்டியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடலாம். விமானத்தைச் சாயங்காலமே வேறு இடத்துக்குத் தள்ளி நிறுத்திவிடலாம். நள்ளிரவில் இறங்கி அறுபது பேரும் செத்த பிறகு, ஏவுகணைகள் அந்தத் தளத்திலேயே இல்லை என்று தெரிந்தால்?

என்டபே ஒப்பீடும் இப்படித்தான் உடைகிறது. அந்த முனையக் கட்டடத்தைக் கட்டியதே ஒரு இஸ்ரேலிய நிறுவனம், வரைபடம் கையில் இருந்தது. முன்னால் விடுதலையான பணயக்கைதிகள் உள்ளே யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். உகாண்டா போரில் இல்லை, யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. ரியோ கிராந்தேயிலோ போர் உச்சத்தில் இருந்த நாடு, தன் மிக முக்கியமான ஆயுதம் இருக்கும் தளத்தைச் சுற்றிக் கடற்படைக் காலாட்படையின் நான்கு பட்டாலியன்களை நிறுத்தியிருந்தது.

ரன்வே_27

விமானப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், அதை யாரும் தொடவில்லை.

பிரிட்டிஷ் படைக்கு அருகில் இருந்த தளம் அசென்ஷன் தீவு. அங்கிருந்து ஃபாக்லாந்தின் தலைநகர் போர்ட் ஸ்டான்லியே ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். ரியோ கிராந்தே அதற்கும் அப்பால். போர் தொடங்கும்போது பிரிட்டனின் ஹெர்குலிஸ் எதற்கும் நடுவானில் எரிபொருள் வாங்கும் குழாயே கிடையாது. கேம்பிரிட்ஜில் மார்ஷல் நிறுவனம் சில வாரங்களில் அவசரமாகப் பொருத்திக் கொடுத்தது.

அடுத்த சிக்கல் வேகம். எரிபொருள் கொடுப்பது விக்டர் என்ற ஜெட் விமானம். அந்த உயரத்தில் அது எவ்வளவு மெதுவாகப் பறந்தாலும் ஹெர்குலிஸால் எட்டிப் பிடிக்க முடியாது. அதனால் இரண்டும் இருபதாயிரம் அடிக்கு மேலிருந்து சேர்ந்தே கீழே சரியும். சறுக்குமரத்தில் இறங்குவதைப் போல இறங்கிக்கொண்டே, நான்கு எஞ்சினையும் முழுசாகத் திறந்துவிட்டு, முன்னால் தொங்கும் குழாயில் மூக்கைச் செருகி எரிபொருள் வாங்க வேண்டும். கடல் மட்டம் நெருங்குவதற்குள் டாங்க் நிரம்பியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய வேண்டும். இரண்டு விமானமும் செய்ய வேண்டும். ஒன்று தவறினாலும் பாதிப் படை இல்லை.

இத்தனையும் முடிந்து கரைக்கு வந்தால், நாலு புரொப்பெல்லர் சுழலும் பெரிய சரக்கு விமானம் அது. எதிரியிடம் கரையில் ரேடார் இருக்கிறது, கடலில் ரோந்துக் கப்பல்கள் இருக்கின்றன. பிரிட்டன் வடிவமைத்த டைப் 42 நாசகாரிக் கப்பல்கள் இரண்டு அர்ஜென்டினாவிடமே இருந்தன. ஷெஃபீல்டும் அதே ரகம். அவற்றை வைத்துத்தான் அவர்களுடைய எத்தான்டார் விமானிகள் தாக்கிப் பழகினார்கள். பிரிட்டிஷ் ரேடார் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று நுணுக்கமாகத் தெரிந்துவைத்திருந்த கடற்படை அது. தன் ரேடாரை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்குமா?

இறங்கி, வேகம் குறைந்து, பின்கதவு திறந்து, வண்டிகள் வெளியே வரும் வரை ஹெர்குலிஸ் ஓடுதளத்தில் ஒளிந்துகொள்ள இடமே இல்லாத இலக்கு. ஒரு கனரக இயந்திரத் துப்பாக்கி சரியான இடத்தில் இருந்தாலே போதும். விமானத்துக்குள் அடைபட்டிருக்கும் முப்பது பேருக்கு அவர்களுடைய பயிற்சி எந்த உதவியும் செய்யாது. மாஸுக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தரையில் கால் வைத்துவிட்டால் அவருடைய ஆட்கள் எதையும் சமாளிப்பார்கள். கால் வைப்பதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும்.

அரசி_மு

இதற்கு முன்னோட்டமாக அனுப்பிய உளவுக் குழுவைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிளம் டஃப் என்று பெயர். எனக்கு இந்தக் கதையிலேயே அதுதான் மனதைப் பிசைகிறது.

மே 17 ராத்திரி இன்வின்சிபிள் கப்பல் மேற்கே வந்து ஒரு சீ கிங் ஹெலிகாப்டரை அனுப்பியது. மூன்று பேர் ஓட்டும் குழு, எட்டு பேர் எஸ்.ஏ.எஸ். எடையைக் குறைக்க உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்திருந்தார்கள். திரும்பி வர எரிபொருள் கிடையாது, அது தெரிந்தேதான் கிளம்பினார்கள். ஆட்களை ரியோ கிராந்தே பக்கம் இறக்கிவிட்டு, சிலிக்குப் போய் ஹெலிகாப்டரை அழித்துவிட வேண்டும்.

கரையில் பனிமூட்டம். ஒரு இடத்தில் இறங்கினார்கள். தூரத்தில் ஒரு வெளிச்சம் எழுந்தது. எதிரி பார்த்துவிட்டான் என்று குழுத் தலைவரான கேப்டன் முடிவு செய்தார். தாங்கள் நிற்கும் இடம் எது என்பதிலேயே அவருக்கும் விமானி லெப்டினன்ட் ரிச்சர்ட் ஹட்சிங்ஸுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. கடைசியில் சிலிப் பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னார் கேப்டன். ஹட்சிங்ஸ் அவர்களை விட்டுவிட்டு, புந்தா அரினாஸுக்குத் தெற்கே ஆகுவா ஃபிரெஸ்கா கடற்கரையில் ஹெலிகாப்டரை இறக்கி எரித்துவிட்டார். மூன்று பேரும் ஒரு வாரம் ஒளிந்திருந்து, பிறகு சிலி அதிகாரிகளிடம் போனார்கள். எஞ்சின் கோளாறு, தஞ்சம் தேடி வந்தோம் என்று பத்திரிகையாளர்களிடம் ஒரு விளக்கம். பிற்பாடு மூவருக்கும் வீரப் பதக்கம் கிடைத்தது.

எரிந்த ஹெலிகாப்டரின் படம் செய்தியில் வந்தாயிற்று. கடலுக்கு நடுவே போரிடும் ஒரு ஹெலிகாப்டர் சிலிக் கரையில் ஏன் கிடக்கிறது? ரியோ கிராந்தேயில் இருந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள மேதாவித்தனம் தேவையில்லை. ஆனாலும் மிக்காடோ திட்டம் உடனே கைவிடப்படவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சுபேதார்_ஆரணி

அரசி அம்மா, அந்தக் கேப்டனைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டில், பனியில், கையில் நல்ல வரைபடமும் இல்லாமல், எட்டு உயிரை வைத்துக்கொண்டு "நிறுத்து" என்று சொன்னாரே, அதற்குப் பெரிய தைரியம் வேண்டும். களத்தில் நிற்பவன் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1980 ஏப்ரலில் பணயக்கைதிகளை மீட்க அமெரிக்கர்கள் ஈரானில் செய்ததைப் பாருங்கள். எட்டு ஹெலிகாப்டர் அனுப்பினார்கள், குறைந்தது ஆறு வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள், பாலைவனத்தில் ஐந்துதான் மிச்சம். கர்னல் பெக்வித் ஐந்தை வைத்துப் போகமுடியாது என்றார். ஜனாதிபதி கார்ட்டர் ஒப்புக்கொண்டார். திரும்பும்போது விபத்தில் எட்டு பேர் இறந்தது வேறு கதை. முடிவு சரியானது.

ஆனால் மாஸ் விஷயம் இதுவல்ல. அவர் இன்னும் களத்துக்கே போகவில்லை. இங்கிலாந்தில் இருக்கும்போதே நம்பிக்கை இல்லை. அதனால்தான் வேறுபடுத்திப் பார்க்கிறேன்.

கடலோடி

ஐயா, அங்கேதான் நாம் பிரிகிறோம். களத்தில் போய்ச் சொல்வதைவிட, கிளம்புவதற்கு முன்னால் சொல்வதுதான் நல்லது. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு பாதி வழியில் சந்தேகப்படுவதால் யாருக்கு லாபம்? ஆட்சேபத்தைச் சொல்ல வேண்டிய இடம் திட்டம் போடும் அறை. அவர் அங்கே சொன்னார். யாரையும் கலகம் செய்யத் தூண்டவில்லை, பத்திரிகைக்குப் போகவில்லை. ராணுவம் ஒரு மேஜருக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தத் தீர்ப்பைச் சொல்வதற்குத்தான்.

நம்பிக்கை இல்லாதவர் முன்னால் போகக் கூடாது என்கிறீர்கள், சரி. ஆனால் நம்பிக்கை இல்லாதது ஒருவருக்கா, ஸ்குவாட்ரனுக்கேவா? ஒருவருக்கு என்றால் ஆளை மாற்றலாம். தூதரகத்துக்குள் புகுந்த ஸ்குவாட்ரன் முழுக்க முகம் சுளிக்கிறது என்றால் திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். டி லா பில்லியர் அந்தச் சுளிப்பை ஒரு மனிதரின் குறையாகப் படித்தார். அதுதான் என் புகார்.

நெய்தல்

ஒரு சந்தேகம். தாக்குதல் நடக்காமல் இருந்ததால் அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் போயிற்றே? அதை யார் கணக்கில் எழுதுவது?

ரன்வே_27

நல்ல கேள்வி, தேதிகளைப் பார்த்தால் விளங்கிவிடும். மே 25 அன்று இரண்டு எக்சோசெட் ஏவினார்கள், அட்லாண்டிக் கன்வேயர் போனது. 12 பேர் இறந்தார்கள், மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் அதோடு எரிந்தன, தரைப்படை ஈரப் புல்வெளியில் மூட்டையைச் சுமந்து நடந்தே போர்ட் ஸ்டான்லிக்குப் போக வேண்டியதாயிற்று. மே 30 அன்று கடைசி ஏவுகணை. இன்வின்சிபிளைத் தாக்கினோம் என்று அர்ஜென்டினா இன்றைக்கும் சொல்கிறது. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறது பிரிட்டன்.

உளவுக் குழு தோற்றது மே 18. அதற்கும் மே 25-க்கும் நடுவில் ஏழே நாள். மே 30-க்குப் பிறகு போயிருந்தால் ரியோ கிராந்தேயில் அழிக்க ஒரு ஏவுகணைகூட மிச்சம் இல்லை. ஜூன் 12 அன்று கிளாமர்கன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மீது எக்சோசெட் விழுந்து 14 பேர் இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது கப்பலிலிருந்து கழற்றி, ஒரு டிரெய்லரில் வைத்துத் தீவிலிருந்தே ஏவியது. மிக்காடோ ஜெயித்திருந்தாலும் அது நின்றிருக்காது.

தென்றல்

ரன்வே, ஏவுகணை ஐந்தோடு நிற்கும் என்று அன்றைக்கு லண்டனுக்கு உறுதியாகத் தெரியாதே. பிரான்ஸிடம் பெரு எக்சோசெட் கேட்டிருந்தது. அது கைக்கு வந்தால் அர்ஜென்டினாவுக்குப் போய்விடும் என்றுதான் பிரிட்டன் பிரான்ஸை நெருக்கி அதைத் தாமதப்படுத்தியது. உலகச் சந்தையில் வேறு எங்கேயாவது கிடைக்குமா என்று அர்ஜென்டினா அலைந்துகொண்டிருந்தது. நாளைக்கு இன்னும் பத்து வந்து இறங்கலாம் என்ற நிலையில் முடிவெடுப்பவர்களை, இன்று தேதி வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு எடைபோடுவது நியாயமாகாது. விமானங்களையும் விமானிகளையும் சேர்த்து ஒழிக்க நினைத்ததற்கு அதுதான் காரணம்.

மாஸ் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மிக்காடோவைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதுபவர்கள், ஹெர்மீஸ் மூழ்கியிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கடலோடி

தென்றல் சொல்வது வலுவான வாதம். ஆபத்து அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் இப்படி ஒரு திட்டம் மேசைக்கு வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து பெரிதாக இருப்பதால் மருந்து வேலை செய்துவிடாது. அறுபது பேர் செத்து, இரண்டு ஹெர்குலிஸ் எரிந்து, மூன்று ஏவுகணையும் பத்திரமாக இருந்தால் ஹெர்மீஸுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்திருக்கும்? அர்ஜென்டினாவுக்கு அது எப்பேர்ப்பட்ட வெற்றிச் செய்தி ஆகியிருக்கும்? மே 19 அன்று ஒரு சீ கிங் கடலில் விழுந்து 22 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எஸ்.ஏ.எஸ். ஆட்கள். அந்த இழப்பிலேயே படை ஆடிப்போயிருந்தது.

இன்னொன்று. இதே எஸ்.ஏ.எஸ். மே 14 ராத்திரி ஃபாக்லாந்தின் பெபிள் தீவில் இறங்கி 11 விமானங்களை அழித்துவிட்டு வந்தது. அங்கே முன்கூட்டியே உளவுக் குழு போய்ப் படுத்துக் கிடந்து எல்லாவற்றையும் பார்த்துச் சொன்னது. ஆட்கள் ஹெலிகாப்டரில் எட்ட இறங்கி நடந்து போனார்கள். கடலிலிருந்து கப்பல் பீரங்கி காவல் கொடுத்தது. திரும்ப ஹெலிகாப்டர் வந்தது. அதே படை, அதே போர், அதே மாதம். சரியான தகவல் இருந்தால் இவர்கள் மறுபேச்சில்லாமல் போவார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சுபேதார்_ஆரணி

பெபிள் தீவு வாதத்தை ஏற்கிறேன் தம்பி. ஆனாலும் ஆளை மாற்றியதில் என் நிலை அதேதான். என் வருத்தம் வேறு இடத்தில். மாற்றியதோடு விட்டிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் கழித்துச் சுயசரிதையில் அந்த அதிகாரிக்கு ஊக்கம் இல்லை என்று எழுதியிருக்க வேண்டியதில்லை. டி லா பில்லியர் 1991 வளைகுடாப் போரில் பிரிட்டிஷ் படைக்கே தலைமை தாங்கியவர். அவர் பேனாவுக்கு இருக்கும் கனம் நீக்கப்பட்ட ஒரு மேஜரின் பேச்சுக்கு இருக்காது. திட்டத்தைக் கடைசியில் கைவிட்டது அரசாங்கம்தானே? அப்படியானால் மாஸ் சொன்னதைத்தான் அவர்களும் தாமதமாகச் செய்தார்கள். அதை ஒரு வரியில் அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

அரசி_மு

ராஜினாமா கொடுத்த சார்ஜென்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. மேஜர் பெயராவது புத்தகத்தில் வந்தது. அந்த மனிதர் தன் வாழ்நாள் உழைப்பைக் காகிதத்தில் எழுதி மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். எஸ்.ஏ.எஸ். தேர்வில் தேறுவதே எத்தனை பேருடைய கனவு என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். மற்றவர்கள் ஆயுதத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்கும்போது, நண்பர்களின் முகத்தைப் பார்த்து நான் வரவில்லை என்று சொல்வது எதிரியின் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பதைவிடக் கடினம் என்றே நினைக்கிறேன்.